சுக்கானை மூடும் முன் எழுதி வாங்குங்கள்

ஏப்ரல் 15 வந்து மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிட்டால் கிழக்குக் கடற்கரை முழுக்க ஃபைபர் வேலைக்காரர்களுக்கு ஓய்வே கிடையாது. விசைப்படகுகள் கரையேறும் அந்த 61 நாளில், மரச் சுக்கான் வைத்த வள்ளக்காரர்களும் அதே ஆட்களைப் பிடித்து, "அப்படியே இதுக்கும் ரெண்டு கோட்டு அடிச்சிருங்கண்ணே" என்கிறார்கள். ஈரம் காய்ந்ததா, பழைய பெயின்ட் சுரண்டப்பட்டதா, மரம் எங்கே உளுத்திருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. சாயங்காலம் சுக்கான் பளபளக்கிறது, காசு கைமாறுகிறது. ஆய்வுக்கு வரும் அலுவலர்களும் பதிவு எண்ணையும் பெயின்டையும் பார்த்துவிட்டுப் போகிறார்கள். சுக்கானை ஒரு தட்டுத் தட்டிப் பார்க்க அவர்களுக்கு எவ்வளவு நேரமாகும்?

வாடைக் காற்று தொடங்கியதும் அந்த ஃபைபர் ஒரே தகடாக உரிந்து வருகிறது. வேலை செய்தவரிடம் போனால், "மரம் செத்துப்போச்சுண்ணே, நாங்க என்ன பண்றது" என்பார். கடைக்காரர், கலவை தப்பு என்பார். படகுக்காரர் கையில் ஒரு துண்டுச் சீட்டுகூட இருக்காது.

பாக் நீரிணையில் இது பணநஷ்டத்தோடு முடிகிற விஷயம் இல்லை. 1974 ஒப்பந்தம் வகுத்த இந்திய-இலங்கைக் கடல் எல்லைக்கோடு அங்கே கிட்டத்தில் இருக்கிறது. சுக்கான் இல்லாத படகைக் காற்றும் நீரோட்டமும் எந்தப் பக்கம் தள்ளும் என்பது நம் கையில் இல்லை.

வேலையை எப்படிச் செய்ய வேண்டும் என்பதை உரிமையாளர் தெரிந்துகொண்டே ஆக வேண்டும். சுக்கானைக் கழற்றுங்கள். படகிலேயே தொங்கவிட்டு அடிக்கும் ஃபைபர், கொண்டிகளுக்குப் பின்னால் போவதே இல்லை. சின்னச் சுத்தியலால் விரற்கடை இடைவெளியில் தட்டிப் பாருங்கள். நல்ல மரம் கணீரென்று ஒலிக்கும், உளுத்த இடம் பொத்தென்று அமுங்கும். அந்த இடத்தைக் கூசாமல் வெட்டி எடுத்துவிட்டு, நல்ல மரம் வைத்து ஒட்ட வேண்டும். பிறகு உப்புப் போக நல்ல தண்ணீரில் கழுவி, நிழலில் காயவைக்க வேண்டும். ஈரப்பதம் 15 சதவீதத்துக்குக் கீழே வர வாரக்கணக்கில் ஆகலாம். ஈரமானி கிடைக்காவிட்டால், ஒரு பாலிதீன் துண்டை மரத்தில் நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, ஓர் இரவு விட்டுப் பாருங்கள். உள்பக்கம் நீர் முத்துக் கட்டியிருந்தால் மரம் இன்னும் காயவில்லை. காயாத மரத்தை மூடினால் அது உள்ளேயே அழுகும், வெளியே தெரியாது.

அடுத்தது ரெசின். கடையில் இரண்டு சரக்கையும் 'ரெசின்' என்றே சொல்லிக் கொடுக்கிறார்கள். கேட்டலிஸ்ட் சொட்டுவிட்டு இறுகவைப்பது பாலியஸ்டர். அது விலை குறைவு, ஆனால் மரத்தில் பிடிமானம் போதாது. ரெசினும் ஹார்டனரும் எடை பார்த்துக் கலப்பது எபாக்ஸி. சுக்கானுக்கு எபாக்ஸிதான் வேண்டும். சீக்கிரம் இறுகட்டும் என்று ஹார்டனரைக் கூடுதலாக ஊற்றினால் ரப்பர் மாதிரி நின்றுவிடும். டப்பாவில் போட்டிருக்கும் விகிதம்தான் விகிதம். சாதாரண கண்ணாடி இழை மேட்டின் பசை பாலியஸ்டரில் கரையுமே தவிர எபாக்ஸியில் கரையாது, அதனால் நெய்த கண்ணாடி இழைத் துணியைக் கேட்டு வாங்குங்கள். மர விளிம்புகளை உருட்டிவிடாவிட்டால் துணி வளையாமல் காற்று நிற்கும். ஒரு பக்கம் மட்டும் போர்த்துவது போர்த்தாததைவிட மோசம்.

எல்லோரும் கோட்டைவிடுவது போல்ட் துளைகளில்தான். அழகாக ஃபைபர் போட்டுவிட்டு அதன்மேல் ட்ரில் போட்டால், துளையின் உட்சுவர் பச்சை மரமாகவே நிற்கும். கடல் தண்ணீர் அந்த வழியாக உள்ளே போய் ஃபைபரை மரத்திலிருந்து பிரிக்கும். துளையை முதலில் பெரிதாகப் போட்டு, பொடி கலந்து கெட்டியாக்கிய எபாக்ஸியால் முழுக்க அடைத்து, இறுகியபின் நடுவில் சரியான அளவுக்குத் துளையிட வேண்டும். இப்போது போல்ட் மரத்தைத் தொடாது. கடைசியில் பெயின்ட் கட்டாயம். வெயிலுக்கு எபாக்ஸி தாங்காது.

மே மாத வெயிலில் ஒரு மக் நிறையக் கலந்து வைத்தால் அது மக்கிலேயே கொதித்துப் புகையும். கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, அகலத் தட்டில் ஊற்றிக்கொள்ளுங்கள். வெறுங்கையோடு எபாக்ஸியைத் தொடாதீர்கள். ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் அது ஆயுசுக்கும் போகாது. கையில் பட்டதைத் தின்னரால் துடைப்பது அதைத் தோலுக்குள் ஏற்றுவதற்குச் சமம். சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பாலியஸ்டர் வேலை நடக்கும் இடத்தில் கேட்டலிஸ்ட்டையும், இறுகுவதை விரைவாக்கும் கோபால்ட்டையும் நேரடியாகக் கலந்தால் வெடிக்கும். கேட்டலிஸ்ட் ஒரு சொட்டு கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். இழைத் தூசுக்கு முகமூடி போடுங்கள், வாயில் கட்டிய துண்டு போதாது.

இனி காகிதம். ரெசின் பில்லில் வெறும் 'ரெசின்' என்று எழுதவிடாதீர்கள். எபாக்ஸியா பாலியஸ்டரா, கம்பெனி பெயர், பேட்ச் எண், எத்தனை கிலோ, எல்லாம் இருக்க வேண்டும். கூலிக்குத் தனி ரசீது: என்ன வேலை, எத்தனை அடுக்கு, தேதி, கையெழுத்து. உளுத்த மரத்தை வெட்டியபின்னும், துணி போடுவதற்கு முன்னும், துளை அடைத்தபின்னும் செல்போனில் படம் எடுங்கள். மூடியபிறகு எதையும் நிரூபிக்க முடியாது. அதே நாளில், அதே கலவையை ஒரு மரத்துண்டில் துணி வைத்துப் பூசி, தேதி எழுதி எடுத்து வையுங்கள். தகராறு வந்தால் சரக்கை ஆய்வகத்துக்கு அனுப்பிச் சோதிக்கச் சொல்ல நுகர்வோர் ஆணையத்துக்கு அதிகாரம் இருக்கிறது. சோதிக்க ஏதாவது இருக்க வேண்டுமே!

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 தொழிலுக்காக வாங்கியவரை நுகர்வோராக ஏற்காது என்று எதிர்த்தரப்பு முதலில் சொல்லும். பயந்துவிடாதீர்கள். சுயதொழிலாக, பிழைப்புக்காக மட்டும் பயன்படுத்துபவர் நுகர்வோரே என்று அதே சட்டத்தின் விளக்கம் சொல்கிறது. "இந்தப் படகில் நானே தொழிலுக்குப் போகிறேன், என் குடும்பம் இதில்தான் பிழைக்கிறது" என்று புகாரிலேயே எழுதுங்கள். முதலில் கடைக்காரருக்கும் வேலைக்காரருக்கும் ஸ்பீடு போஸ்டில் நோட்டீஸ் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். 1915 என்ற தேசிய உதவி எண்ணிலும் பதியலாம். பலனில்லை என்றால் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் குறைதீர் ஆணையம். கடை வேறு மாவட்டத்தில் இருந்தாலும் சரி. கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்றும் இல்லை. கெடு இரண்டு ஆண்டு. பேசித் தீர்க்கலாம் என்று இழுத்தடிப்பவர்கள் இந்தக் கெடுவைத்தான் கடத்துகிறார்கள்.

படகுக் காப்பீட்டில் இன்னொரு கண்ணி உண்டு. கடலுக்குத் தகுதியற்ற நிலையில் இருக்கிறது என்று தெரிந்தே படகை அனுப்பியிருந்தால், அந்தக் குறையால் வந்த நஷ்டத்தைக் காப்பீட்டு நிறுவனம் தர வேண்டியதில்லை என்கிறது 1963-ம் ஆண்டு கடல் காப்பீட்டுச் சட்டம். அங்கேயும் உங்களுக்குத் துணை அந்த ரசீதும் படங்களும்தான். மீனவர் குழு விபத்துக் காப்பீட்டில் உயிரிழப்புக்கு வரும் 5 லட்சம் ஆளுக்கானது, படகுக்கானது இல்லை. இரண்டையும் குழப்பிக்கொண்டு படகைக் காப்பீடு செய்யாமல் விடுபவர்கள் ஏராளம். இழப்பீடு மறுக்கப்பட்டால் நிறுவனத்துக்கு எழுதி ஒரு மாதம் பாருங்கள். பதில் வராவிட்டாலோ திருப்தி இல்லாவிட்டாலோ ஓராண்டுக்குள் சென்னையில் உள்ள காப்பீட்டு ஆம்புட்ஸ்மேன் அலுவலகத்துக்குப் போகலாம்.

கடலில் சுக்கான் போய்விட்டால் உடனே 1554 கடலோரக் காவல்படை, 1093 தமிழ்நாடு கடலோரப் பாதுகாப்புக் குழுமம். செல்போன் எட்டாத தூரத்தில் விஎச்எஃப் 16-ம் சேனல். அழைத்த நேரத்தையும் ஜிபிஎஸ் இடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். கரை சேர்ந்ததும் ரிப்பேருக்கு ஆள் கூப்பிடும் முன் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தகவல் சொல்லுங்கள். சர்வேயர் வந்து பார்க்கும்வரை உடைந்த சுக்கானையும் உரிந்த ஃபைபரையும் தூக்கி எறியாதீர்கள், விறகுக்கும் போட்டுவிடாதீர்கள்.