ஊர் கூடி ஒரு வழக்கு – 7: பதினான்கு நாள் கெடு

அமெரிக்காவில் ஒரு கம்பெனியால் ஏமாந்த அத்தனை பேருக்காகவும் சிலர் முன்நின்று நடத்துவது குழு வழக்கு. அப்படி நடத்தலாமா, கூடாதா என்று கீழ் நீதிமன்றம் உத்தரவிடும் அன்றைக்கே பாதி வழக்கு முடிந்துவிடுகிறது. ஆளுக்குச் சில டாலர்தான் நஷ்டம் என்றால் அதற்காகத் தனியாக யார் வக்கீல் வைப்பார்கள்? குழுவுக்கு அனுமதி கிடைத்துவிட்டாலோ கம்பெனிக்குக் கிலி. விசாரணைக்குப் போய் மொத்தமாக இழப்பதைவிட சமரசம் பேசுவதே மேல் என்று நினைத்துவிடும்.

இவ்வளவு முக்கியமான உத்தரவை எதிர்த்து உடனே மேலே போக வெகுகாலம் அநேகமாக வழியே இல்லை. இறுதித் தீர்ப்பு வரும்வரை காத்திருங்கள் என்று 1978-ல் உச்ச நீதிமன்றமே கைவிரித்தது. 1998 டிசம்பரில் விதி 23(எஃப்) நடைமுறைக்கு வந்த பிறகுதான், மேல்முறையீட்டுக்கு அனுமதி கேட்டு மனுப் போட முடிந்தது.

கேட்கலாம், அவ்வளவுதான். ஏற்பதும் தள்ளுவதும் மேல்முறையீட்டு நீதிபதிகளின் விருப்பம். உத்தரவு வழக்குக்கே சாவுமணி அடிக்கிறதா, கம்பெனியை மிரட்டிப் பணிய வைக்கிறதா, தீராத சட்டக் கேள்வி ஏதும் உள்ளதா என்று பார்ப்போம் என 1999-ல் நீதிபதி ஈஸ்டர்புரூக் ஒரு வழிகாட்டுதல் தந்தார். பிற நீதிமன்றங்களும் ஏறக்குறைய அதே தடத்தில் போகின்றன. மனுப் போட்டதாலேயே கீழ் நீதிமன்ற விசாரணை நின்றுவிடாது. தள்ளுபடிக்குக் காரணம் சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை. பெரும்பாலும் ஓரிரு வரி உத்தரவுதான் கைக்கு வரும்.

மனுதாரருக்கு மட்டும் கறாரான கெடு: 14 நாள்.

அந்தக் கெடு என்ன செய்யும் என்பதற்கு நியூட்ராசூட்டிகல் வழக்கு சாட்சி. ஒரு துணை உணவுப் பொருளைப் பொய் விளம்பரம் செய்து விற்றார்கள் என்று கலிபோர்னியா நுகர்வோர் ஒருவர் தொடுத்தது. 2015 பிப்ரவரி 20 அன்று, முன்பு அனுமதித்த குழுவை நீதிமன்றம் கலைத்தது. மார்ச் 2-ல், மறுபரிசீலனை கோரப்போவதாக அவர் தரப்பு வாய்மொழியாகச் சொன்னது. பத்து நாளில் தாக்கல் செய்யுங்கள் என்றார் நீதிபதி. சொன்னபடி மார்ச் 12-ல் தாக்கல் ஆனது. ஆனால் 14 நாள் கெடு மார்ச் 6-லேயே முடிந்திருந்தது! அதற்குள் எழுத்தில் கொடுத்திருந்தால் கெடுவே புதிதாகத் தொடங்கியிருக்கும். ஜூன் 24-ல் மறுபரிசீலனை நிராகரிக்கப்பட, ஜூலை 8-ல் அவர் மேலே போனார்.

சான் பிரான்சிஸ்கோ மேல்முறையீட்டு நீதிமன்றம், அவர் மெத்தனமாக இருக்கவில்லை என்று மனுவை ஏற்றது. குழுவைக் கலைத்ததும் தவறு என்றது. உச்ச நீதிமன்றம் 2019 பிப்ரவரியில் ஒருமனதாக அதை ரத்து செய்தது. இந்தக் கெடுவை நீட்டிக்கக் கூடாது என்று மேல்முறையீட்டு விதிகள் வெளிப்படையாகச் சொல்கின்றன. எந்த நியாயத்தைக் காட்டியும் இரக்கம் காட்ட முடியாது என்று எழுதினார் நீதிபதி சோட்டோமேயர்.

சட்டப்படி அவர் எழுதியது சரி. ஆனால் நீதிபதி கொடுத்த தேதியை நம்பியவருக்கு நேர்ந்தது அநியாயம். மனுதாரரிடம் நாள் கணக்குப் பார்க்கும் நீதிமன்றங்கள், தங்கள் தள்ளுபடி உத்தரவுகளில் நாலு வரிக் காரணமாவது எழுத வேண்டும். அது சலுகையல்ல, கடமை.

வேறொரு வழக்கில், தாங்கள் போட்ட இதே 23(எஃப்) மனு தள்ளுபடியானதும், தங்கள் வழக்கைத் தாங்களே முடித்துக்கொண்டு வேறு வழியில் மேல்முறையீட்டுக்குப் போனார்கள் எக்ஸ்பாக்ஸ் வாங்கியவர்கள் சிலர். 2017-ல் உச்ச நீதிமன்றம் அந்த வழியையும் அடைத்தது. அந்த வழக்கு அடுத்த வாரம்.

(தொடரும்)