வகுப்பில் வாய் திறக்காத பிள்ளை

"உங்கள் மகள் கெட்டிக்காரி. ஆனால் வகுப்பில் கை உயர்த்துவதில்லை." ஆசிரியரைச் சந்தித்துவிட்டு இந்த வார்த்தையோடு வீடு திரும்பிய பெற்றோர் எம்மிடையே பலர். வீட்டில் ஓயாமல் கதைக்கும் பிள்ளை பாடசாலையில் ஏன் ஊமையாகிறது என்று தவிக்கிறோம். "வாயைத் திறந்து கதை" என்று ஏசுகிறோம். "அவளுக்குச் சரியான வெட்கம்" என்று வந்தவர்களிடம் பிள்ளையின் முன்னாலேயே சொல்கிறோம். இவற்றால் கூச்சம் குறைவதில்லை.

கூச்சம் ஒரு நோயல்ல. புதிதாக ஆங்கிலம் பழகும் பிள்ளை சில காலம் பேசாதிருப்பதும் இயல்பே. ஆனால் வீட்டில் நன்றாகக் கதைக்கும் பிள்ளை, பாடசாலை தொடங்கிய முதல் மாதம் கழிந்த பின்னரும் அங்கு தொடர்ந்து பேசாமலே இருந்தால் குடும்ப வைத்தியரிடம் சொல்லுங்கள். 'செலக்டிவ் மியூட்டிசம்' எனப்படும் இந்த நிலை பிடிவாதமல்ல. பதற்றத்தின் ஒரு வகை. இதற்குச் சிகிச்சை உண்டு.

சாதாரண கூச்சமுள்ள பிள்ளைக்குத் தனிப்பாடம் நல்ல துணை. பிழை விட்டால் சிரிக்க அங்கே எவரும் இல்லை. ஆனால் ரியூசன் ஆசிரியரே ஒரு மணித்தியாலமும் பேசிக்கொண்டிருந்தால் புள்ளி கூடலாம், துணிவு வராது. வகுப்பறைகளை ஆராய்ந்த அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களில் ஓர் உண்மையைக் கண்டார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக 1 செக்கன் அளவே காத்திருந்தனர். அதை 3 செக்கனுக்கு மேலாக்கியபோது பிள்ளைகளின் பதில்கள் நீண்டன, பேசாதிருந்தவர்களும் பேசினர். பொறுமையாகக் காத்திருப்பவரே கூச்சமுள்ள பிள்ளைக்கு ஏற்ற ஆசிரியர்.

எமது ரொறன்ரோவிலேயே ஒரு நல்ல உதாரணம் உண்டு. 2001ல் ரீஜன்ட் பார்க்கில் 'பாத்வேஸ் ரு எடியூகேஷன்' என்ற திட்டத்தை ஆரம்பித்தது பாடசாலையல்ல, அங்குள்ள சமூக சுகாதார நிலையம். கல்வி தடைப்பட்டால் பின்னாளில் உடல்நலமும் கெடும் என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர். பாட உதவி, பஸ் செலவு ஆகியவற்றோடு ஒவ்வொரு மாணவரையும் பெயர் சொல்லி விசாரிக்க ஒரு பணியாளரும் இருந்தார். படிப்பை இடையில் விடுவோர் தொகை வெகுவாகக் குறைந்தது. பின்னர் கனடாவின் வேறு நகரங்களுக்கும் திட்டம் பரவியது.

வீட்டில் நாம் செய்யக்கூடியவை:

- பிள்ளைக்கு நன்கு தெரிந்த பாடத்திலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். ஒரு கணக்கைப் பிள்ளையே ஆசிரியருக்கு விளக்கட்டும்.
- மறுநாள் வகுப்பில் கேட்பதற்கு ஒரேயொரு கேள்வியைத் தயார்செய்து சொல்லிப் பார்க்கட்டும். வகுப்பாசிரியருக்கும் இதைத் தெரியப்படுத்துங்கள்.
- சில மாதங்களில் ஒரு நண்பரையும் பாடத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். தனிமேசை ஒளிந்துகொள்ளும் இடமாகிவிடக் கூடாது; வகுப்புக்குப் போகும் பாலமாக இருக்க வேண்டும்.
- பிள்ளைக்காக நீங்கள் பதில் சொல்லாதீர்கள். "எத்தனை மார்க்ஸ்?" என்பதற்குப் பதிலாக "இன்று என்ன கேட்டாய்?" என்று விசாரியுங்கள்.

இதற்குப் பெரும் பணம் வேண்டியதில்லை. ஒன்ராறியோவில் உயர்பாடசாலை மாணவர்கள் பட்டயம் பெற 40 மணித்தியாலம் சமூகசேவை செய்ய வேண்டும். பாடசாலையின் சம்மதத்துடன், உங்கள் மாடிக்கட்டிடத்தில் வசிக்கும் ஓர் அண்ணாவோ அக்காவோ அந்த நேரத்தில் சிலவற்றை உங்கள் பிள்ளைக்குத் தரலாம். தாமும் ஒருகாலம் வகுப்பில் பேசப் பயந்தவர் என்றால் இன்னும் நல்லது.