குன்றத்துப் புறாவும் கிளியும்

நுழையும்முன்

புறா, கிளி என்னும் பெயர்களை மழலைப் பருவத்திலேயே கற்றுவிடுகிறோம். மேற்குத்தொடர்ச்சி மலையிலோ இவ்விரு பெயர்களுக்குள் பல இனங்கள் அடங்கியுள்ளன. அவற்றுள் சில உலகில் வேறெங்கும் காணப்படாதவை. அவற்றைப் பிரித்தறியும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

கூர்ந்த நோக்கு

தினைப்புனம் காத்த மகளிர், கிளிகளை ஓட்டுவதற்குத் தழல், தட்டை, குளிர் முதலிய கருவிகளைப் பயன்படுத்தினர் என்பதைக் குறிஞ்சிப்பாட்டால் அறிகிறோம். விளைச்சலைக் காப்பதற்கு அன்று பறவையின் வரவைக் கூர்ந்து நோக்கினர். பறவையையே காப்பதற்கு இன்று அந்நோக்கு தேவைப்படுகிறது.

நிறம் மட்டும் போதுமா?

பறவையைக் காண்போர் முதலில் நிறத்தையே நோக்குவர். ஆனால், சோலைக்காட்டின் மங்கிய ஒளியில் பச்சையும் கருமையாகத் தோன்றும். ஆதலால் உருவளவு, வால், குரல், நடத்தை, வாழிடம் ஆகியவற்றையும் சேர்த்தே நோக்குதல் வேண்டும்.

புள்ளிப்புறா, நீலகிரிக் காட்டுப்புறா ஆகிய இரண்டின் பிடரியிலும் கறுப்பும் வெள்ளையுமாய்ச் சதுரங்கப் பலகை போன்ற கோலம் உண்டு. இவ்வோர் அடையாளத்தை மட்டும் கொண்டால் இரண்டையும் ஒன்றென மயங்க நேரிடும். புள்ளிப்புறா மாடப்புறாவைவிட மெலிந்தது. வயல், தோட்டம், வீட்டு முற்றம் ஆகிய இடங்களில் தரையில் இரை தேடுவது. நீலகிரிக் காட்டுப்புறா மாடப்புறாவைவிடப் பெரியது. சாம்பல்நிறத் தலையும் செம்பழுப்பு முதுகும் உடையது. பெரும்பாலும் சோலைக்காட்டு மரங்களில் பழம் உண்பது. வாழிடமும் உருவளவும் இம்மயக்கத்தைத் தீர்க்கின்றன.

மரகதப்புறா காட்டின் நிழலடர்ந்த தரையில் உதிர்ந்த விதைகளைப் பொறுக்கும். அதன் சிறகுகள் மரகதப் பச்சை நிறமுடையவை. ஆண்பறவையின் தோளில் வெண்திட்டு காணப்படும். பச்சைப்புறாக்களோ கூட்டமாக ஆல், அத்தி மரங்களில் பழம் உண்ணும். தரைக்கு அவை அரிதாகவே வரும்.

கிளிகளை அறிதல்

புறாவின் காலில் மூன்று விரல்கள் முன்னும் ஒன்று பின்னும் அமைந்திருக்கும். கிளிக்கு முன்னிரண்டும் பின்னிரண்டும் ஆகும். சமவெளியில் மிகுதியாகக் காணப்படும் செந்தார்ப் பைங்கிளி, பச்சை உடலும் சிவந்த அலகும் கொண்டது. செந்தலைக் கிளியின் ஆணுக்குத் தலை கருஞ்சிவப்பு. பெண்ணுக்குச் சாம்பல் நிறம். இரண்டின் வால் நுனியும் வெண்மையாகும்.

நீலச்சிறகுக் கிளி மேற்குத்தொடர்ச்சி மலைக்கே உரியது. அதன் தலையும் உடலும் புறாவைப் போன்ற சாம்பல் நிறம், வால் நீலம், வால் நுனி மஞ்சள். ஆணின் மேலலகு சிவப்பு. பெண்ணின் அலகு கறுப்பு. ‘புறாவைப் போன்றது’ என்னும் பொருளிலேயே இதன் அறிவியற்பெயரில் ‘கொலம்பாய்டஸ்’ என்னும் சொல் அமைந்துள்ளது. குருவி அளவே உள்ள சின்னக்கிளிக்கு வால் குட்டை. அது தலைகீழாகத் தொங்கியபடி உறங்கும்.

தெரியுமா?

தமிழ்நாட்டின் மாநிலப் பறவை மரகதப்புறா.

பெயர் அறிதலின் பயன்

நீலகிரிக் காட்டுப்புறாவும் மேற்குத்தொடர்ச்சி மலையில் மட்டுமே வாழ்வது. அது ஒருமுறைக்கு ஒரே முட்டையை இடும். சோலைமரப் பழங்களை முழுதாக விழுங்கி விதைகளை வேறிடங்களில் சேர்க்கும். சோலை சுருங்கினால் அதற்குச் செல்ல வேறிடம் இல்லை. அதனைப் ‘புறா’ என்று மட்டுமே அறிந்தவர்க்கு, அது மறைந்தாலும் இழப்புத் தெரியாது. முற்றத்தில் புள்ளிப்புறா மேய்ந்துகொண்டிருக்கும், ‘புறாக்கள் இருக்கின்றனவே’ என்று அவர் எண்ணுவார்.

கிளிகளுக்கு நேரும் இடர் வேறு வகையானது. காட்டுக்கிளிக் குஞ்சுகளைப் பொந்திலிருந்து எடுத்து விற்கின்றனர். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972-இன்படி நம் நாட்டுக் காட்டுக்கிளிகளைப் பிடிப்பதும் விற்பதும் கூண்டில் அடைத்து வளர்ப்பதும் குற்றமாகும். கூண்டிலுள்ளது அயல்நாட்டு வளர்ப்புப் பறவையா, நம் காட்டுக்கிளியா என்பதை இனமறிந்தவரே உறுதிப்படுத்த இயலும்.

மலைப்பயணத்தின்போது காணும் பறவையின் நாள், இடம், உயரம், மரம், செயல் ஆகியவற்றைக் குறிப்பேட்டில் எழுதுக. பறவையின் பெயரை அதன்பின் தேடுக. பலரும் பல்லாண்டுகள் எழுதிய இத்தகைய குறிப்புகளைக் கொண்டே ஓர் இனம் பெருகுகிறதா, குறைகிறதா என்பதைக் கணிக்கின்றனர்.