தடித்த மட்டையும் வீட்டு அச்சுப்பொறியும்

பிறந்தநாள் அழைப்பிதழ், பூப்புனித நீராட்டு விழாவுக்கான பரிசுப் பெட்டி, பிள்ளைகளின் கைவேலை, வாழ்த்து மட்டை ஆகியவற்றை வீட்டிலேயே அச்சிட்டு வெட்டி ஒட்டிக்கொள்ளும் குடும்பங்கள் பலவாகும். நாற்பது அல்லது ஐம்பது பிரதிகள் மட்டும் தேவைப்படும்போது அச்சகத்துக்குப் போனால் ஒரு பிரதியின் விலை கூடிவிடுகின்றது. 31ஆம் நாள் நினைவு மலர் வெளியிடும் குடும்பத்துக்கோ பணத்தைவிடக் காலமே பெரிய நெருக்கடி. படங்களைத் தேடி, விபரங்களைச் சேர்த்து, எழுத்துப் பிழை பார்த்து முடிப்பதற்குள் நாள் நெருங்கிவிடும். அதன் முன்னட்டையை முதல்நாள் இரவு அச்சிடும்போது மட்டை பொறிக்குள் சிக்கிக் கிழியுமானால் அவ்வீட்டாருக்கு நேரும் அந்தரம் சொல்லும் தரமன்று.

இவ்வாறு நேர்வதற்குக் காரணம் பெரும்பாலும் பொறியின் பழுது அன்று. மட்டைக்கு ஏற்காத பொறியை வாங்கியதே காரணம். கடையில் வாங்குவோர் விலையைப் பார்க்கின்றனர். படத்தின் துலக்கத்தைப் பார்க்கின்றனர். நிமிடத்துக்கு எத்தனை பக்கம் என்று கேட்கின்றனர். மட்டை எவ்வழியாக உள்ளே போய் எவ்வழியாக வெளியே வரும் என்று கேட்போர் சிலரே. கைவேலைக்குப் பொறி தேடுவோர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுவேயாம்.

மட்டையின் நிறை

பொறியைத் தேடுமுன் மட்டையைத் தெரிந்துகொள்ள வேண்டும். கடதாசியின் நிறை ஒரு சதுர மீற்றருக்கு இத்தனை கிராம் என்று குறிக்கப்படும். நாளாந்தம் பயன்படும் வெள்ளைத் தாள் 75 முதல் 80 கிராம். பிள்ளைகளின் கைவேலை மட்டை 160 முதல் 220 கிராம். நல்ல அழைப்பிதழ் மட்டை 250 முதல் 300 கிராம். அதற்கு மேற்பட்டவையும் உண்டு.

கனடாவிலும் அமெரிக்காவிலும் வாழ்வோருக்கு இங்கே ஒரு குழப்பம் காத்திருக்கின்றது. அந்நாட்டுக் கடைகளில் மட்டையின் நிறையைப் பவுண்டில் எழுதுவார்கள். ஆனால் எந்த வகை மட்டை என்பதைப் பொறுத்து அந்தப் பவுண்டின் பொருள் மாறும். ‘கவர்’ வகையில் 65 பவுண்டு என்பது ஏறக்குறைய 176 கிராம். 80 பவுண்டு என்பது 216 கிராம். ‘கவர்’ வகையில் 110 பவுண்டு என்றால் 298 கிராம். ஆனால் ‘இண்டெக்ஸ்’ வகையில் அதே 110 பவுண்டு 199 கிராம் மட்டுமே. எண் ஒன்றாயினும் மட்டை வேறு. ஒன்றைச் சிரமமின்றி இழுக்கும் பொறி மற்றதை ஏற்க மறுக்கலாம்.

பொதியில் ஒன்றும் தெளிவாக எழுதப்படாவிடில் சமையலறைத் தராசே போதும். வட அமெரிக்காவில் வழங்கும் எட்டரைக்குப் பதினொரு அங்குலத் தாளில் பத்தை எடுத்து நிறுத்து, வரும் கிராமை 1.66ஆல் பெருக்க வேண்டும். பத்துத் தாள் 120 கிராம் நிறுத்தால் மட்டை ஏறக்குறைய 200 கிராம் வகையாகும். ஐரோப்பாவிலும் அவுஸ்திரேலியாவிலும் வழங்கும் ஏ-4 தாளாயின் 1.6ஆல் பெருக்குக.

மட்டை செல்லும் பாதை

வீட்டுப் பொறிகளுள் பலவற்றில் தாள்தட்டு முன்புறத்தின் அடியில் இருக்கும். தாள் உள்ளே சென்று, பின்புறத்தில் உருளையைச் சுற்றித் திரும்பி, மறுபடி முன்புறமாகவே வெளிவரும். இடத்தை மிச்சம் பிடிக்க இது நல்ல ஏற்பாடு. மெல்லிய தாளுக்குத் தீங்கில்லை. தடித்த மட்டையோ அவ்வளவு குறுகிய வளைவில் திரும்ப மறுக்கும். உருளை வழுக்கும், மட்டை கோணலாகும், ஓரம் மடியும். ஒருவாறு திரும்பி வந்தாலும் மேலெழுந்த மூலைகளில் மை தெளிக்கும் தலை உரசிக் கறுப்புக் கோடுகளை விட்டுவிடும்.

பின்புறத்தில் செங்குத்தாகவோ சரிவாகவோ மட்டையை நிறுத்தும் பொறிகளில் வளைவு குறைவு. சிலவற்றில் பின்னே ஒரு சிறு கதவைத் திறந்து, ஒவ்வொரு மட்டையாகக் கிடையாகச் செலுத்தலாம். கைவேலைக்கு இதுவே சிறந்தது. ஆகவே, கடையில் பொறியின் பின்புறத்தைத் திருப்பிப் பார்க்கத் தயங்க வேண்டாம்.

நிறுவனத்தார் தரும் விபரத்தாளையும் கவனமாக வாசிக்க வேண்டும். ‘300 கிராம்வரை’ என்ற எண் பல வேளைகளில் அந்நிறுவனத்தின் சொந்தப் புகைப்படத் தாளுக்கு மட்டும் உரியது. கேனன் நிறுவனத்தின் பிக்ஸ்மா வகைகள் பலவற்றில் சாதாரண தாளுக்கு 64 முதல் 105 கிராம் என்றும், தனது புகைப்படத் தாளுக்கு 300 கிராம்வரை என்றும் இரு எண்கள் தரப்பட்டிருக்கும். முன்தட்டுக்கு ஓர் எல்லையும் பின்வழிக்கு வேறோர் எல்லையும் இருப்பதுண்டு. நிறையோடு தடிப்பின் எல்லையையும் சொல்லும் விபரத்தாள் நம்பத்தக்கது. எடுத்துக்காட்டாக, எப்சன் நிறுவனம் தனது ஈ.ரி.-8550 வகை 1.3 மில்லிமீற்றர் தடிப்புள்ள மட்டைவரை ஏற்கும் என்று கூறுகின்றது. பதின்மூன்று அங்குல அகலத் தாளும் அதில் செல்லும். பெட்டி செய்வோருக்கு அது உதவும். விலை அதிகமாதலால், ஆண்டுக்கு இருமுறை மட்டும் அச்சிடுவோருக்கு அது தேவையில்லை.

மையா, தூளா?

லேசர் பொறி தூளை வெப்பத்தால் உருக்கி ஒட்டவைக்கின்றது. எழுத்து தெளிவாயிருக்கும், ஈரம் பட்டாலும் கரையாது. ஆயினும் தடித்த மட்டை வெப்பத்தை உறிஞ்சிவிடுவதால் தூள் முழுதாக உருகாமல், மடிக்கும் இடத்தில் உதிரலாம். வீட்டு லேசர் பொறிகள் பலவற்றின் எல்லை 163 கிராம். சிலவற்றில் 200 அல்லது 220 கிராம். மினுக்கமோ பிளாஸ்ரிக்கோ பூசிய மட்டையை இவற்றில் இடவே கூடாது. பூச்சு உருகி உருளையில் ஒட்டினால் பொறியே பழுதாகும். அன்றியும், லேசர் பொறிகள் இயங்கும்போது மிக நுண்ணிய துகள்களை வெளிவிடுவதுண்டு. தொய்வு நோயாளர் உறங்கும் அறையில் வைக்காது, காற்றோட்டமுள்ள இடத்தில் வைப்பது நன்று.

மை தெளிக்கும் பொறிகளே தடித்த மட்டைக்குப் பொதுவாகப் பொருந்துவன. அவற்றின் மையிலும் இருவகை உண்டு. சாயமை வண்ணங்களை எழிலாகக் காட்டும். ஆனால் நீரில் கரையும். நிறமித் துகள் கொண்ட மை ஈரத்தையும் வெளிச்சத்தையும் நன்கு தாங்கும். அழைப்பிதழின் நான்கு மூலைகளிலும் ஈர மஞ்சள் தடவும் வழக்கமுடையோர் இதைக் கவனிக்க வேண்டும். சாயமையால் அச்சிட்ட எழுத்தில் ஈர மஞ்சள் பட்டால் எழுத்துக் கலங்கிவிடும். நீர் கலந்த பசைக்கும் இதுவே விதி. பொறி ஒன்றில் கறுப்பு மை மட்டும் நிறமி மையாகவும் ஏனைய வண்ணங்கள் சாயமையாகவும் இருக்கக்கூடும், கேட்டறிக.

தமிழில் அச்சிடுவோருக்கு மேலும் ஒரு கவனம் வேண்டும். மையை உறிஞ்சும் சொரசொரப்பான மட்டையில் சிறிய எழுத்தின் சுழிகள் அடைபட்டு, மெய்யெழுத்தின் புள்ளி மறைந்துவிடும். பெயரில் ஒரு புள்ளி மறைந்தாலும் பெயரே பிழையாகும். நினைவு மலரை வாசிப்போருள் கண்பார்வை குன்றிய முதியோர் பலர். எனவே வழுவழுப்பான, வெளிர்நிற மட்டையும் 14 புள்ளிக்குக் குறையாத எழுத்தும் நலம்.

வாங்குமுன்னும் வாங்கிய பின்னும்

மைத்தொட்டி உள்ள பொறி வாங்கும்போது விலை கூடியது. நிறைய அச்சிடுவோருக்குப் பின்னர் மைச்செலவு குறையும். நெடுநாள் சும்மா கிடந்தால் மை காய்ந்து துளைகள் அடைபடும். வாரம் ஒருமுறை ஒரு வண்ணப் பக்கமாவது அச்சிட்டு வர வேண்டும். மாதக் கட்டணத்துக்கு மை அனுப்பும் திட்டங்களில் சேர்வோர் ஒன்றை அறிந்திருத்தல் வேண்டும். கட்டணத்தை நிறுத்தினால், அத்திட்டத்தில் வந்த மைக்கூடு மை மீந்திருந்தாலும் அச்சிடாது போகலாம்.

அச்சிடும்போது கணினியில் ‘தடித்த தாள்’ அல்லது அதற்கு நிகரான தெரிவை இட வேண்டும். பொறி அப்போதுதான் தன் இயக்கத்தை மட்டைக்கேற்ப மாற்றிக்கொள்ளும். சுருண்ட மூலைகளைத் தட்டையாக்கி, ஒவ்வொரு மட்டையாக இடுவது பாதுகாப்பு. தானாக இருபுறமும் அச்சிடும் வசதியைத் தடித்த மட்டைக்கு நம்பக் கூடாது. ஒருபுறம் நன்கு காய்ந்த பின் கையால் திருப்பி இட வேண்டும். மடிக்கும் மட்டையாயின் இருதிசையிலும் மெல்ல வளைத்துப் பார்த்து, எளிதில் வளையும் திசையிலேயே மடிப்பை அமைத்து, மடிக்குமுன் மொட்டை முனையால் கோடு அழுத்திக்கொண்டால் ஓரம் வெடிக்காது.

கையிலுள்ள பொறி தடித்த மட்டையை ஏற்காவிடில் புதியது வாங்கியே தீரவேண்டும் என்பதில்லை. 100 அல்லது 120 கிராம் தாளில், பொறியின் எல்லையைப் பார்த்து அச்சிட்டு, அதை மட்டைமேல் ஒட்டலாம். அழைப்பிதழுக்கு அது தனி அழகையும் தரும். நூற்றுக்கு மேற்பட்ட பிரதிகளாயின் அச்சகத்தின் விலையையும் கேட்டு ஒப்பிடுக.

புதிய பொறி வாங்குவோர் தாம் வழக்கமாகப் பயன்படுத்தும் மட்டையில் நான்கைந்தைக் கடைக்குக் கொண்டுசென்று அச்சிட்டுக் காட்டும்படி கேட்கலாம். அதற்கு இடமில்லாவிடில், திருப்பிக் கொடுக்கும் தவணை எத்தனை நாள் என்பதைப் பற்றுச்சீட்டில் பார்த்து, அந்நாளுக்குள் வீட்டில் இருபது மட்டையேனும் அச்சிட்டுப் பார்த்துவிட வேண்டும். விசேட நாளின் முதல்நாள் இரவு அதற்குரிய வேளையன்று.