வல்லை வெளிக் காற்றும் ஒன்பது செக்கனும்

வடமராட்சியிலிருந்து யாழ்ப்பாணத்துக்குச் சைக்கிளில் போய் வந்தவர்களிடம் வல்லை வெளியைப் பற்றிக் கேட்டால் முதலில் காற்றைத்தான் சொல்வார்கள். ஒதுங்க ஒரு மதில் இல்லை, மறைக்க ஒரு பனங்கூடல் இல்லை. சோளகம் வீசும் மாதங்களில் நெல்லியடிப் பக்கமிருந்து அச்சுவேலி நோக்கி மிதிப்பவருக்கு, யாரோ நெஞ்சில் கைவைத்துத் தள்ளுவது போல இருக்கும். வாடை தொடங்கிவிட்டால் அதே தொல்லை திரும்பி வரும் வழியில். நாலைந்து பேராகப் போகிறவர்கள் ஒருவர் பின்னால் ஒருவராக ஒட்டிக்கொள்வார்கள். முன்னுக்கு மிதிப்பவர் களைத்ததும் பின்னால் வந்துவிடுவார். அடுத்தவர் முன்னுக்குப் போய்க் காற்றை வாங்குவார். யாரும் படிப்பிக்காமலே எங்கள் ஆட்களுக்குக் கைவந்த இந்த வித்தையை நம்பித்தான் சைக்கிளோட்டத்தின் மிக வேகமான போட்டியும் நடக்கிறது.

அந்தப் போட்டிக்கு ஸ்பிரிண்ட் என்று பெயர். வெலோட்ரோம் எனப்படும் 250 மீற்றர் நீள மரத் தடத்தில் இரண்டு பேர் மட்டும் மோதுவார்கள். மூன்று சுற்று. யார் யாருடன் மோதுவது என்பதைத் தீர்மானிக்க அதற்கு முன் ஒரு தகுதிச் சுற்று உண்டு: ஓடுபவர் தனியாக வேகமெடுத்து வந்து, கடைசி 200 மீற்றரை எத்தனை செக்கனில் கடக்கிறார் என்று அளப்பார்கள். 2024 ஓகஸ்டில் பாரிஸ் ஒலிம்பிக்கில் அவுஸ்திரேலியாவுக்காக ஓடிய மத்தியூ ரிச்சட்சன் அந்தத் தூரத்தை 9.091 செக்கனில் கடந்து உலக சாதனையை முறியடித்தார். அந்தச் சாதனை அவர் கையில் சில நிமிடங்களே இருந்தது. பின்னால் வந்த நெதர்லாந்தின் ஹரி லவ்ரெய்சன் 9.088 செக்கனில் முடித்தார். அடுத்த ஆண்டு ஓகஸ்டில், பிரித்தானியாவுக்கு மாறியிருந்த ரிச்சட்சன், துருக்கியின் கொன்யா நகரத் தடத்தில் 8.941 செக்கன், மறுநாள் 8.857 செக்கன் என்று ஓடி, ஒன்பது செக்கனுக்குள் நுழைந்த முதல் மனிதர் ஆனார். மணிக்கு 81 கிலோமீற்றர். அதுவும் சராசரி வேகம்.

இந்த எண்ணைச் சாதாரணமாக வாசித்துவிட்டுப் போய்விட முடியாது. ரவுணுக்குள் நாங்கள் ஓடும் சைக்கிளின் வேகம் மணிக்கு இருபது கிலோமீற்றர் அளவில் இருக்கும். 80 அதன் நாலு மடங்கு. காற்றின் தடைவிசை வேகத்தின் வர்க்கத்தோடு கூடுகிறது. அந்தத் தடையை மேவ வேண்டிய வலுவோ வேகத்தின் கனத்தோடு கூடுகிறது. வேகம் இரண்டு மடங்கானால் வலு எட்டு மடங்கு, நாலு மடங்கானால் 64 மடங்கு. நிமிர்ந்து உட்கார்ந்து இருபதில் போகிறவர் காற்றுக்குக் கொடுக்கும் வலு ஏறத்தாழ 50 வாற்று. அதே இருப்பில் 80க்குப் போக 3000 வாற்றுக்கு மேல் வேண்டும். அது எந்த மனிதராலும் ஆகாது. ஆகவே ஸ்பிரிண்ட் ஓடுபவர் உடம்பை மடக்குகிறார்: முதுகைச் சமாந்தரமாக்கி, முழங்கைகளை உள்ளே இழுத்து, தலையைத் தோள்களுக்கிடையில் புதைக்கிறார். தோலோடு ஒட்டிய உடுப்பு, கம்பிகள் இல்லாத மூடிய சில்லு, நீண்டு வழுவழுத்த தலைக்கவசம் எல்லாம் அதற்காகத்தான். அப்படியும் 1200 வாற்று அளவு காற்றை விலக்கவே செலவாகும்.

கொன்யாவைத் தெரிந்தெடுத்ததிலும் இதே கணக்கு உண்டு. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1000 மீற்றர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி பத்து வீதம் அளவில் குறைவு. உள்ளரங்குத் தடங்களில் காற்றைச் சூடாக்குவதும் அதனால்தான். சூடான காற்று மெலிந்தது, ஈரமான காற்று உலர்ந்த காற்றைவிட மெலிந்தது. ஐரோப்பியர் காசு செலவழித்து 28 பாகைக்குக் கொண்டுவரும் சூடு எங்களுக்கு ஆண்டு முழுவதும் இலவசமாகக் கிடைக்கிறது என்பதை நினைக்கும்போது எனக்கு ஒரு ஏக்கம் வரும்.

இருவர் மோதும் ஓட்டம் வேறு விதமானது. சித்திரை வருடப்பிறப்பு விளையாட்டுப் போட்டிகளில் சைக்கிள் மெதுவோட்டம் பார்த்தவர்களுக்கு அதன் முதல் சுற்று புதிதாக இராது. இரண்டு பேரும் ஊர்ந்து போவார்கள். சில வேளை அப்படியே நிலத்தில் கால் வைக்காமல் நின்றுவிடுவார்கள். இந்தச் சைக்கிளில் பிறேக் இல்லை, கியர் மாற்றம் இல்லை, பிறீவீலும் இல்லை. பெடலைப் பின்னுக்கு அழுத்தினால் சில்லும் பின்னுக்குப் போகும். முன் சில்லைச் சரித்து, பெடலை முன்னும் பின்னும் அணுவளவு அசைத்து, அசையாமல் நிற்பார்கள். 30 செக்கனுக்கு மேல் அப்படி நிற்க விதி இடந்தராது. ஒருவர் மற்றவரை முன்னுக்குத் தள்ளப் பார்க்கிறார். காரணம் வல்லை வெளிக் காரணம்தான். முன்னுக்கு ஓடுபவர் காற்றைப் பிளக்க, பின் சில்லோடு ஒட்டி வருபவருக்கு வேண்டிய வலுவில் நாலில் ஒரு பங்காவது மிச்சம். அந்த மிச்சத்தைக் கடைசி வளைவில் எடுத்து வீசி முந்துவதுதான் ஆட்டம். முன்னுக்கு இருப்பவருக்கும் ஆயுதம் உண்டு: தடத்தின் அடியில் கறுப்புக் கோட்டுக்கும் சிவப்புக் கோட்டுக்கும் இடையிலுள்ள ஒடுங்கிய பாதையைப் பிடித்துவிட்டால் முந்த வருபவர் வெளியால், கூடிய தூரம் சுற்றித்தான் வரவேண்டும். ஜப்பானின் கொய்ச்சி நக்கானோ இந்தக் கலையில் 1977 முதல் 1986 வரை தொடர்ந்து பத்து முறை உலகச் சம்பியனாக இருந்தார். 1948இல் கொக்குரா நகரில் பந்தயமாகத் தொடங்கிய கெய்ரின் எனும் சைக்கிளோட்டத்தில் வளர்ந்தவர் அவர்.

தடத்தின் வளைவுகளைப் படத்தில் பார்த்து அவற்றின் செங்குத்தை உணர முடியாது. 42 முதல் 45 பாகை வரை சரிந்திருக்கும். எங்கள் வீட்டு ஓட்டுக் கூரைகளைவிடச் செங்குத்து. செக்கனுக்கு 20 மீற்றர் வேகத்தில், ஏறத்தாழ 23 மீற்றர் ஆரையுள்ள வளைவில் ஒருவர் திரும்புகிறார் என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். உயர்தரப் பௌதிகம் படிக்கும் பிள்ளைகள் வேகத்தின் வர்க்கத்தை ஆரையால் வகுத்தால் 17.4 வரும், புவியீர்ப்பு ஆர்முடுகலின் ஒன்றேமுக்கால் மடங்குக்குச் சற்றுக் கூட. சைக்கிளும் ஆளும் நிலைக்குத்திலிருந்து 60 பாகை சரிந்து போக வேண்டும். இரண்டையும் சேர்த்தால் உடம்பு உணரும் பாரம் இரட்டிப்பு. 90 கிலோ ஆள் அந்த வளைவில் 180 கிலோ ஆளாகிறார், அந்தப் பாரத்தோடுதான் மிதிக்கவும் வேண்டும். தடம் தட்டையாக இருந்தால் இந்த வேகத்தில் எந்த ரயரும் பிடித்து நிற்காது. வெளியே வீசி எறிந்துவிடும். வளைவின் சரிவில் மெதுவாக ஓடினாலோ, ரயர் கீழ்ப்பக்கமாக வழுக்கத் தொடங்கும்.

அந்தச் சரிவு ஒரு சேமிப்பும் கூட. தடத்தின் அகலம் ஏழு மீற்றர் என்றால் வளைவின் உச்சி அடியிலிருந்து கிட்டத்தட்ட 4.8 மீற்றர் உயரம். தகுதிச் சுற்றில் ஓடுபவர்கள் முதலில் மேல்விளிம்பு வேலியோடு ஒட்டி ஏறிக்கொள்வதைக் கவனித்திருப்பீர்கள். அங்கிருந்து மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் கீழே பாய்ந்தால், ஒரு மிதியும் கூடுதலாக மிதிக்காமலே அடியில் 69 ஆகிவிடும். ஆளும் சைக்கிளுமாக 100 கிலோ என்றால் அந்த உயரத்தில் சேர்ந்திருக்கும் சக்தி 4700 யூல். முழு மூச்சாக மிதிக்கும் ஒருவர் இரண்டு செக்கனுக்கு மேல் பாடுபட்டுத் தரவேண்டிய சக்தி அது.

முழு மூச்சு என்றால் எவ்வளவு? இதற்கு யாழ்ப்பாணத்தவரிடம் சொந்த அளவுகோல் ஒன்று இருக்கிறது. 1990இல் மின்சாரம் நின்றுபோய், பற்றறிக்கும் தடை இருந்த குடாநாட்டில், சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வந்த மின்னில் வானொலிச் செய்தி கேட்டது ஒரு தலைமுறை. தமிழோசை தொடங்கும் நேரத்துக்கு முற்றத்தில் ஒருவர் சுற்ற, மற்றவர்கள் காதைக் கொடுத்து இருப்பார்கள். சுற்றுபவர் ஒரு கணம் அசந்தால் குரல் தேய்ந்துபோகும். அந்த டைனமோ 6 வோல்ற்று, 3 வாற்று. உலகத் தரத்து ஸ்பிரிண்ட் வீரர் ஒருவரின் கால்கள் உச்சத்தில் 2000 வாற்றைத் தாண்டும். ஏறத்தாழ எழுநூறு டைனமோ.

உச்சம் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும், அது நீடிக்காது. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் அணி ஸ்பிரிண்டில் வெண்கலம் வென்ற ஜேர்மனியின் றொபேர்ட் பேர்ஸ்டெமன், தொடைப் பருமனுக்குப் பேர்போனவர். 2015இல் வெளிவந்த ஒரு காணொளியில் 700 வாற்று ரோஸ்டர் ஒன்றை மிதித்தே இயக்கி ஒரு பாண் துண்டை வாட்டினார். பாண் பொன்னிறமாக வந்தது. அவர் சைக்கிளிலிருந்து இறங்கித் தரையில் விழுந்து கிடந்தார். அவர் தந்த மொத்தச் சக்தி 0.021 அலகு. மின்சாரச் சபை பில்லில் நாங்கள் கணக்கிலெடுக்காத அளவு.

தசைக்குள் இருக்கும் கிடங்குதான் இதற்குக் காரணம். தசை சுருங்குவதற்கு உடனடிச் சக்தி தரும் அடினோசின் முப்பொசுபேற்று இரண்டு, மூன்று செக்கனுக்குத்தான் காணும். அதைத் திருப்பி நிரப்புவது கிரியற்றின் பொசுபேற்று. முழு வேகத்தில் அதுவும் பத்துச் செக்கன் அளவில் ஓய்ந்துவிடும். இந்த இரண்டுக்கும் ஒட்சிசன் தேவையில்லை. 200 மீற்றர் ஓட்டம் ஒன்பது செக்கனில் முடிவதும் இந்தக் கிடங்கு வற்றுவதும் ஒரே நேரம் என்பதைப் பார்த்தால், மனித உடம்புக்கு அளவெடுத்துத்தான் அந்தத் தூரத்தைக் குறித்தார்களோ என்று தோன்றும். கிடங்கு மீண்டும் நிரம்பப் பல நிமிடம் பிடிக்கும். மூன்றில் இரண்டை வெல்ல வேண்டிய இறுதிப் போட்டியில், இரண்டு ஓட்டங்களுக்கு நடுவில் யார் வேகமாகத் தேறுகிறார் என்பதும் ஒரு போட்டி. நெடுந்தூரம் ஓடுகிறவரின் மெலிந்த உடல்வாகு இங்கே உதவாது. விரைந்து சுருங்கும் தசைநார்கள் நிறைந்த பருத்த தொடை வேண்டும். அவர்களின் பயிற்சியில் பெரும்பகுதி பாரந்தூக்கும் கூடத்தில் நடக்கிறது.

அவர்களுடைய கியரும் அந்தத் தொடைக்கு ஏற்றது. எங்கள் வீட்டுச் சைக்கிள் பெடல் ஒரு சுற்றுக்கு ஐந்து, ஐந்தரை மீற்றர் போகும். அவர்களுடையது ஒன்பது, பத்து மீற்றர். அதை நிமிடத்துக்கு 130 தடவைக்கு மேல் சுற்றுகிறார்கள்.

இவையெல்லாம் பணக்கார நாடுகளின் விளையாட்டு என்று விட்டுவிடலாமா என்றால், வங்கக் கடலின் மறுகரையைப் பார்க்கச் சொல்வேன். 2004 டிசம்பர் 26 காலை வடமராட்சிக் கரையை அழித்த அதே அலை அந்தமான், நிக்கோபார்த் தீவுகளையும் அழித்தது. அங்கே ஒரு மரத்தைப் பற்றிக்கொண்டு நாட்கணக்கில் இருந்து உயிர் தப்பிய சிறுமி டெபோரா ஹெரோல்ட், பின்னாளில் இந்தியாவின் முன்னணி ஸ்பிரிண்ட் வீராங்கனை ஆனார். அவருக்குப் பின் வந்தவர் நிக்கோபாரின் எசோ அல்பன். 2018இல் கனிஷ்ட உலகச் சம்பியன் போட்டியில் கெய்ரினில் வெள்ளி. அடுத்த ஆண்டு ஜேர்மனியில், மணிப்பூர்ப் பையன்களான ரொனால்டோ சிங், ரோஜித் சிங் ஆகியோருடன் அணி ஸ்பிரிண்டில் உலகத் தங்கம். 2022இல் ரொனால்டோ ஆசியச் சம்பியன் போட்டியின் மூத்தோர் ஸ்பிரிண்டில் வெள்ளி வென்றார். தீவிலும் மலையிலும் பிறந்த இந்தப் பிள்ளைகள் எல்லாம் கூடிப் பழகிய இடம் ஒன்றுதான்: 2010 பொதுநலவாய விளையாட்டுக்காக டில்லியில் கட்டிய மரத் தடம். போட்டி முடிந்த பிறகு சும்மா கிடக்க விடாமல் அதில் பிள்ளைகளைத் தங்கவைத்துப் பழக்கியதன் விளைவு அது.

குடாநாட்டில் அப்படி ஒரு தடம் இல்லை. அது உடனே வரும் என்று சொல்லி யாரையும் ஏமாற்றவும் நான் விரும்பவில்லை. ஆனால் ஆளைத் தெரிந்தெடுக்கத் தடம் தேவையில்லை. லவ்ரெய்சன் முதலில் பிஎம்எக்ஸ் எனும் சிறு சைக்கிள் ஓட்டத்தில் இருந்தவர். தோள்மூட்டு திரும்பத் திரும்பக் காயப்பட்டதால் தடத்துக்கு வந்து, பாரிஸில் மூன்று தங்கம் வென்றார். வெடிப்பான வலு உள்ள உடம்பு எந்த விளையாட்டிலும் ஒளிந்திருக்கும். தெல்லிப்பழை மகாஜனாவின் அனித்தா ஜெகதீஸ்வரன் கோலூன்றிப் பாய்தலில் தேசிய சாதனையைத் திரும்பத் திரும்பப் புதுப்பித்தபோது, அந்த வலு எங்கள் பிள்ளைகளிடம் இருப்பதை நாடே பார்த்தது.

அதை அளக்கும் முறை எளியது. வலுவை அளக்கும் நிலைச் சைக்கிள் ஒன்றில் பிள்ளையை ஏற்றி, ஆறு செக்கனுக்கு முழுப் பலத்தோடு மிதிக்கச் சொல்ல வேண்டும். உச்ச வலுவை உடல் திணிவால் வகுக்க வேண்டும். உலக மேடையில் நிற்கும் ஆண்களுக்குக் கிலோவுக்கு 20 வாற்றுக்கு மேல் வரும். பதினைந்து, பதினாறு வயதில் அதன் கிட்டப் போகும் ஒரு பிள்ளை, 100 மீற்றர் ஓட்டத்திலோ நீளம் பாய்தலிலோ நாலாம் இடத்தில் நின்று யார் கண்ணிலும் படாமல் இருக்கக்கூடும். மாகாண விளையாட்டுத் திணைக்களம் இப்படி ஒரு சைக்கிளை வாங்கி, பருத்தித்துறையிலிருந்து வேலணை வரை பாடசாலை பாடசாலையாகக் கொண்டுபோனால், ஒரு தவணைக்குள் பட்டியல் ஒன்று கையில் இருக்கும்.