வலைச்செயலி உருவாக்கச் சட்டகங்கள்: தமிழ் உள்ளீட்டு நோக்கில் ஓர் ஒப்பீடு

ஆய்வுச் சுருக்கம்

வலைச்செயலிச் சட்டகங்கள் பெரும்பாலும் வேகம், அளவு ஆகியவற்றைக் கொண்டே ஒப்பிடப்படுகின்றன. தமிழைக் கையாளும் முறையும் அவற்றுக்கு ஓர் அளவுகோலாக அமைய வேண்டும் என்பதை இக்கட்டுரை இராயபுரம் சார்ந்த தேவை ஒன்றின் வழி விளக்குகிறது.

முன்னுரை

இராயபுரத்தை அடுத்த காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் கரைசேரும் மீன்களின் பெயர், எடை, விலை ஆகியவற்றைத் தமிழில் பதிவுசெய்யும் வலைச்செயலி ஒன்றை உருவாக்குவதாகக் கொள்வோம். பக்கத்தை மீண்டும் ஏற்றாமலே அது விவரங்களைப் புதுப்பிக்க வேண்டும். அலைபேசியில் தமிழைப் பிழையின்றி ஏற்க வேண்டும். இணைப்பு அறுந்தாலும் பதிவை இழத்தல் கூடாது. இம்மூன்று தேவைகளே இங்கு ஒப்பீட்டின் அடிப்படையாகும்.

செருகுநிரல்வழிச் சட்டகங்கள்

வளமிகு இணையச்செயலி என்னும் கருத்தாக்கத்தை 2002இல் மேக்ரோமீடியா நிறுவனம் முன்வைத்தது. அதன் ஃபிளெக்ஸ் 2004இலும், மைக்ரோசாஃப்டின் சில்வர்லைட் 2007இலும் வெளிவந்தன. இவை உலாவியின் இயல்பான ஆற்றலைச் சாராமல் செருகுநிரலைச் சார்ந்து இயங்கின. 2008இல் வெளிவந்த ஃபிளாஷ் பிளேயர் 10ஆம் பதிப்பிலேயே இந்திய எழுத்துமுறைகளை உரியவாறு கோக்கும் வசதி அமைந்தது. அதற்கு முன் ‘கொடுவா’ போன்ற சொற்களில் ஒகரக் குறியின் இரு கூறுகளும் உரிய இடத்தில் அமைவதற்கு உறுதியில்லை. ஃபிளாஷுக்கான ஆதரவு 2020 டிசம்பர் 31இலும், சில்வர்லைட்டுக்கான ஆதரவு 2021 அக்டோபர் 12இலும் முடிவுற்றன. அவற்றை மட்டுமே நம்பி உருவான ஆக்கங்கள் இன்றைய உலாவிகளில் இயங்குவதில்லை.

ஜாவாஸ்கிரிப்ட் சட்டகங்கள்

ரியாக்ட் (2013), வியூ (2014), ஆங்குலர் (2016) ஆகியவை உலாவியின் பொதுத் தரங்களின்மேல் இயங்குவன. ரியாக்ட் இடைமுகத்தை மட்டுமே கவனிக்கும் நூலகம். பிற தேவைகளை உருவாக்குநரே தேர்ந்து இணைக்க வேண்டும். ஆங்குலர் வழிசெலுத்தல், படிவம், தரவுப் பரிமாற்றம் ஆகிய அனைத்தையும் உள்ளடக்கிய முழுச் சட்டகம். வியூ இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது. இணைப்பற்ற நிலையில் செயலியைத் திறக்க உதவும் சர்வீஸ் ஒர்க்கருக்கு ஆங்குலர் தானே ஒரு தொகுப்பை வழங்குகிறது. ஏனையவற்றில் அதனைத் தனியே சேர்த்தல் வேண்டும். எனினும், பதிவான விவரங்களைச் சேமித்துப் பின்னர் அனுப்பும் நிரலை எதிலும் உருவாக்குநரே எழுத வேண்டியுள்ளது.

தமிழ் உள்ளீடு

ஒலிபெயர்ப்பு முறையில் தட்டச்சிடும்போது ஓர் எழுத்து நிறைவடையும் முன் பல இடைநிலை வடிவங்கள் தோன்றும். ரியாக்ட் ஒவ்வோர் இடைநிலையையும் நிரலுக்குத் தெரிவிக்கிறது. அந்நிலையில் நிரல் உள்ளீட்டைத் திருத்த முற்பட்டால் எழுத்துகள் சிதையக்கூடும். வியூவின் இருவழிப் பிணைப்பு சேர்க்கை முடியும்வரை காத்திருக்கிறது; ஆகவே தேடற் பரிந்துரைகள் தாமதமாகலாம். ஆங்குலரும் இயல்பாகக் காத்திருக்கிறது. ஆண்ட்ராய்டில் மட்டும் காத்திருப்பதில்லை. எனவே கணினியில் சோதித்த ஆங்குலர் படிவத்தை அலைபேசியிலும் சோதித்தல் இன்றியமையாதது.

சட்டகம் எதுவாயினும் நீங்காத சிக்கல் ஒன்று உண்டு. ‘கொடுவா’ மூன்று எழுத்துச் சொல். ஜாவாஸ்கிரிப்ட் அதன் நீளத்தை 6 எனக் கணக்கிடுகிறது. ஒகரக் குறி எகரக் குறியாகவும் கால் குறியாகவும் பிரித்துச் சேமிக்கப்பட்டிருப்பின் நீளம் 7 ஆகும். கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றும் இவ்விரு வடிவங்களும் ஒப்பிடும்போது வேறுபடுவதால், ஒரே மீனின் எடை இரு பெயர்களில் பிரிந்து பதிவாகிவிடும். சேமிக்கும் முன் ஒருங்குறி இயல்பாக்கம் செய்வதே இதற்குத் தீர்வு.

முடிவுரை

பொதுத் தரங்களைச் சார்ந்த சட்டகங்களே நீண்டகாலப் பயன்பாட்டுக்கு ஏற்றவை. அவற்றுள் ஒன்றைத் தேரும்போது எழுத்துச் சேர்க்கை, இயல்பாக்கம், இணைப்பற்ற சேமிப்பு ஆகிய மூன்றையும் தமிழ்த் தரவுகளைக் கொண்டே சோதித்தல் வேண்டும். மீன்பதிவுக்குப் பொருந்தும் இவ்வளவுகோல்கள் அகராதி, தொடரடைவு, சுவடித் தரவகம் ஆகியவற்றை உருவாக்கும் தமிழாய்வாளர்களுக்கும் பொருந்துவனவாகும்.