மன்னரின் ஆணையை மறுத்த தளபதி

பெர்லினுக்குக் கிழக்கே, ஓடர் ஆற்றை நோக்கிச் செல்லும் வழியில் பிரீடர்ஸ்டோர்ப் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. அவ்வூர் மாதாகோயிலில் உள்ள ஒரு கல்வெட்டு, பிரஷ்ய ராணுவத்தைப் பற்றி நாம் கேள்விப்பட்டவற்றுக்கெல்லாம் நேர்மாறான செய்தியைச் சொல்கிறது. அங்கே நினைவுகூரப்படுபவர், கீழ்ப்படிவது மானத்துக்கு இழுக்கு என்று கண்டபோது மன்னரின் கோபமே மேல் என்று தேர்ந்துகொண்டவராம்!

அவர் பெயர் யோஹான் பிரீட்ரிக் அடால்ப் பான் டெர் மார்விட்ஸ். 1723-ல் பழைய ஜமீன் குடும்பமொன்றில் பிறந்தவர். பிரஷ்யாவில் அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளைகளுக்கு ராணுவம் ஒன்றே உத்தியோகம். இளமையிலேயே ‘ஜான்தார்ம்’ என்ற குதிரைப்படை ரெஜிமெண்டில் சேர்ந்தார். பெர்லின் நகரில் பெயர் பெற்ற ரெஜிமெண்டு அது. ராஸ்பாக் (1757), சோர்ன்டார்ப் (1758) போர்களில் பங்கு கொண்டது. மார்விட்ஸ் படிப்படியாக உயர்ந்து அதன் தலைமைக்கே வந்தார். அவர் புத்தகப் பிரியரும்கூட.

அப்போது நடந்துகொண்டிருந்தது ஏழாண்டுப் போர். 1760 அக்டோபரில் ரஷ்யப் படையும் ஆஸ்திரியப் படையும் பெர்லினுக்குள் புகுந்தன. அவர்களோடு வந்த சாக்ஸனி வீரர்கள் சார்லட்டன்பர்க் அரண்மனையைச் சூறையாடினர். மன்னர் இரண்டாம் பிரெடெரிக் ஆசையோடு சேர்த்து வைத்திருந்த பழங்காலச் சிலைகள் உடைந்து சிதறின. போர்க்களத்தில் ஆயிரக்கணக்கானோரை இழந்தும் கலங்காத மன்னர் இதைப் பொறுக்கவில்லை. சாக்ஸனி அதிபதிக்கு ஹுபர்டஸ்பர்க் என்ற அழகிய வேட்டை மாளிகை இருந்தது. 1761 தொடக்கத்தில், அதைக் காலி செய்துவிடும்படி ஆணை பிறந்தது.

மார்விட்ஸ் ‘மாட்டேன்’ என்று வாய்திறந்து சொல்லவில்லை, செய்யவும் இல்லை. நாட்கள் கழிந்தன. சாப்பாட்டு மேஜையில் மன்னர் கேட்டார், வேலை முடிந்ததா என்று. இல்லை என்றார் மார்விட்ஸ். சில நாள் பொறுத்து மறுபடியும் அதே கேள்வி, அதே பதில். ஏன் என்று மன்னர் சீறியபோதுதான் விஷயம் வெளியே வந்தது: கூலிக்குச் சேர்த்த படையின் அதிகாரிகளுக்கு அது பொருந்தலாம், மன்னரின் ஜான்தார்ம் ரெஜிமெண்டுத் தலைவனுக்குப் பொருந்தாது! மன்னர் மேஜையை விட்டு எழுந்துவிட்டார்.

பான் சால்டர்ன் என்ற மற்றொரு தளபதியும் இதே ஆணையை மறுத்ததாகச் சொல்வார்கள். எதிரியின் படையைத் தாக்கச் சொன்னால் தயார், இது மட்டும் தம் மானத்துக்கு ஒவ்வாது என்றாராம். அவரைப் பணக்காரர் ஆக விருப்பமில்லாதவர் என்று மன்னர் குத்திப் பேசினாராம். கடைசியில் வேலையை முடித்தவர் குவின்டஸ் இசிலியஸ். இயற்பெயர் குயிஷார், ரோமானியப் போர்க்கலையில் கரைகண்ட பண்டிதர். மாளிகை வெறுமையாயிற்று. படித்தவர் கொள்ளையடித்தார், பட்டாளத்துக்காரர் மறுத்தார்! அதற்காகப் பின்னாளில் அந்தப் பண்டிதரைக் கேலி செய்தவரும் அதே மன்னர்தான்.

இதே போரின் மற்றொரு முனையான தமிழகக் கடற்கரையிலும் இதே கணக்குத்தான் நடந்தது. கடலூருக்கு அருகே இருந்த செயின்ட் டேவிட் கோட்டையை 1758-ல் பிரெஞ்சுக்காரர் இடித்தனர். 1761 ஜனவரியில் புதுச்சேரியைப் பிடித்த ஆங்கிலேயர் அந்நகரையே தரைமட்டமாக்கினர்.

மறுத்ததற்கு மார்விட்ஸ் விலை கொடுத்தார். மன்னரின் முகம் மாறிவிட்டது. பலமுறை கேட்ட பிறகே ராணுவத்திலிருந்து விடுதலை கிடைத்தது. ஆனாலும் 1778-ல் பவேரிய வாரிசுப் போர் மூண்டபோது, மன்னரின் தம்பி ஹென்றியின் படைக்கு வேண்டிய பொருள்களைக் கவனிக்கும் பொறுப்பை ஏற்றார். 1781-ல் காலமானார். சால்டர்னின் கதை வேறு. சிறிது காலம் ஒதுங்கியிருந்து, மீண்டும் பதவி உயர்வு பெற்று, காலாட்படைப் பயிற்சியில் பெரும் பெயர் எடுத்தார். மறுப்பு ஒன்றே, பலன் இரண்டு.

ஏழாண்டுப் போரை முடித்த உடன்படிக்கை 1763 பிப்ரவரி 15-ல் கையெழுத்தானது. இடம், அதே ஹுபர்டஸ்பர்க்!

மார்விட்ஸின் கதை பெரும்பாலும் அவருடைய தம்பி மகன் வழியாக வந்தது. கல்வெட்டை வைத்தவரும் அவரே. பெரியவர் இறந்தபோது பையனுக்கு வயது நான்கு. ஆகவே சாப்பாட்டு மேஜைப் பேச்சு எழுத்துக்கு எழுத்து உண்மையா என்று சரித்திர ஆசிரியர்கள் ஐயுறுவதில் வியப்பில்லை. அந்தப் பையனும் வளர்ந்து ராணுவ அதிகாரியாகி, ஜமீன்தார்களின் உரிமைக்காக அரசின் சீர்திருத்தங்களை எதிர்த்து, 1811-ல் ஸ்பாண்டாவ் கோட்டையில் சிறை இருந்தார்.